ட்ரென்டன் திடீர்த் தாக்குதல், 1776: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்க விடுதலைப் போரைப் பற்றிப் பேச்செடுத்தால், பனிக்கட்டி மிதக்கும் ஆற்றில் படகில் நின்றபடி செல்லும் வாஷிங்டனின் ஓவியம்தான் பலருக்கும் நினைவுக்கு வரும். அந்த இரவைச் சுற்றி ஏராளமான கட்டுக்கதைகள் படர்ந்துவிட்டன. வாசகர்கள் கேட்கும் கேள்விகளில் முக்கியமானவற்றுக்கு இங்கே பதில் சொல்லியிருக்கிறேன்.

ட்ரென்டனில் நடந்தது என்ன?

1776 டிசம்பர் 25 இரவு, ஜார்ஜ் வாஷிங்டன் தலைமையில் சுமார் 2,400 வீரர்கள் பென்சில்வேனியாக் கரையிலிருந்து டெலவேர் ஆற்றைக் கடந்து நியூ ஜெர்சியில் இறங்கினார்கள். பனிப்புயலில் ஏறக்குறைய 15 கிலோமீட்டர் நடந்து, மறுநாள் காலை எட்டு மணியளவில் ட்ரென்டன் என்ற சிற்றூரைத் தாக்கினார்கள். அங்கே பிரிட்டனுக்காகப் போரிட வந்த, ஹெஸ்ஸியர் என்று அழைக்கப்பட்ட ஜெர்மானியப் படையினர் சுமார் 1,500 பேர் தங்கியிருந்தார்கள். இரண்டு மணி நேரம்கூட ஆகவில்லை, ஊர் அமெரிக்கர் கைக்கு வந்துவிட்டது. சுமார் 900 பேர் சிறைபிடிக்கப்பட்டார்கள்.

அதற்கு முன் அமெரிக்கப் படை எந்த நிலையில் இருந்தது?

கிட்டத்தட்ட அழியும் நிலையில். ஜூலையில் விடுதலைப் பிரகடனம் வந்தது. ஆகஸ்ட் 27 அன்று லாங் ஐலண்டில் பெருந்தோல்வி. பிறகு நியூயார்க் நகரம் போனது. நவம்பர் 16 அன்று வாஷிங்டன் கோட்டை விழுந்து, ஒரே நாளில் 2,800க்கும் மேற்பட்டவர்கள் சிறைப்பட்டார்கள். எஞ்சியவர்கள் நியூ ஜெர்சியின் குறுக்கே பின்வாங்கிக்கொண்டே வந்து, டிசம்பர் முதல் வாரத்தில் டெலவேர் ஆற்றைத் தாண்டி மூச்சு வாங்கினார்கள். பலருக்குக் காலில் செருப்பு இல்லை, போர்வை இல்லை. பிலடெல்ஃபியாவில் கூடிவந்த, அமெரிக்கப் பிரதிநிதிகளின் அவையான காங்கிரஸ் பயந்துபோய் பால்டிமோருக்கு இடம் மாறிவிட்டது. படையில் வாஷிங்டனுக்கு அடுத்த இடத்தில் இருந்த தளபதி சார்லஸ் லீயை, டிசம்பர் 13 அன்று ஒரு விடுதியில் வைத்துப் பிரிட்டிஷ் குதிரைப்படை பிடித்துக்கொண்டு போனது.

இவை எல்லாவற்றையும்விடப் பெரிய ஆபத்து நாட்காட்டியில் இருந்தது. பெரும்பாலான வீரர்களின் ஒப்பந்தம் டிசம்பர் 31 உடன் முடிகிறது. ஜனவரி 1 அன்று அவர்கள் மூட்டையைக் கட்டிக்கொண்டு வீடு திரும்பலாம், யாரும் தடுக்க முடியாது. தொடர்ந்து தோற்றுக்கொண்டிருக்கும் படையில் மறுபடி பெயர் கொடுக்க எவன் வருவான்? ஆட்டம் ஏறக்குறைய முடிந்துவிட்டது என்று அந்த நாட்களில் வாஷிங்டனே தன் குடும்பத்தாருக்கு எழுதினார்.

அப்படியானால் இது துணிச்சலா, வேறு வழியில்லாமல் எடுத்த முடிவா?

வேறு வழியில்லாமல் எடுத்த முடிவுதான். இதைச் சொல்வதால் அந்தத் துணிச்சலின் மதிப்பு குறைந்துவிடாது. டிசம்பர் 23 அன்று தன் படை அதிகாரி ஜோசப் ரீடுக்கு எழுதிய கடிதத்தில் தாக்குதலுக்குக் குறித்த நேரத்தைச் சொல்லி, இதை வெளியே விட்டுவிடாதே என்று மன்றாடுகிறார் வாஷிங்டன். கொடிய தேவை எந்த முயற்சியையும் நியாயப்படுத்தும் என்று அதே கடிதத்தில் எழுதுகிறார். அந்த நாட்களில் அவரைப் பார்க்கச் சென்ற மருத்துவர் பெஞ்சமின் ரஷ் ஒரு காட்சியைப் பதிவு செய்திருக்கிறார். பேசிக்கொண்டிருக்கும்போதே வாஷிங்டன் சிறு சிறு காகிதத் துண்டுகளில் ஏதோ கிறுக்கிக்கொண்டிருந்தாராம். ஒரு துண்டு தரையில் விழ, ரஷ் குனிந்து பார்த்திருக்கிறார். ‘வெற்றி, அல்லது மரணம்’ என்று எழுதியிருந்தது. அந்த இரவுக்கு வீரர்களுக்கு வழங்கப்பட்ட அடையாளச் சொல்லும் அதுவே.

எதிரி ஏன் ட்ரென்டன் போன்ற ஒரு சிற்றூரில் தனித்து நின்றான்?

ஐரோப்பியப் போர் வழக்கப்படி குளிர்காலத்தில் சண்டை கிடையாது. பிரிட்டிஷ் தளபதி வில்லியம் ஹோ டிசம்பர் நடுவில் போரை நிறுத்திவிட்டு நியூயார்க்குக்குத் திரும்பினார். நியூ ஜெர்சி முழுவதும் சங்கிலித்தொடராகக் காவல் நிலைகளை அமைத்தார். சங்கிலி சற்று நீண்டுவிட்டது என்பதை அவரே மேலிடத்துக்கு எழுதிய கடிதத்தில் ஒப்புக்கொண்டிருக்கிறார். அந்தச் சங்கிலியின் நுனி, ஆற்றங்கரையை ஒட்டிய ட்ரென்டன். அருகில் பார்டன்டவுன் பக்கம் இருந்த இன்னொரு ஜெர்மானியப் படைப்பிரிவை, ஊர்மக்கள் படை ஒன்று சீண்டித் தெற்கே மவுன்ட் ஹோலி வரை இழுத்துச் சென்றுவிட்டது. கூப்பிட்டால் ஓடிவர அக்கம்பக்கத்தில் யாரும் இல்லாமல் போனார்கள்.

ஹெஸ்ஸியர் என்பவர்கள் கூலிப்படையா?

அமெரிக்கர்கள் அப்படித்தான் அழைத்தார்கள். விடுதலைப் பிரகடனத்திலேயே அந்நியக் கூலிப்படைகளைப் பற்றிய குற்றச்சாட்டு இருக்கிறது. ஆனால் வாடகைப் பணம் போய்ச் சேர்ந்தது அந்த வீரர்களுக்கு அல்ல. ஹெஸ்ஸே-காசெல் சிற்றரசின் ஆட்சியாளர் இரண்டாம் ஃபிரடெரிக், தன் படைகளை மூன்றாம் ஜார்ஜ் மன்னருக்கு வாடகைக்கு விட்டார். பணம் அவருடைய கருவூலத்துக்குப் போனது. வீரனுக்குக் கிடைத்தது சம்பளம் மட்டும். போர் முழுவதிலும் பல ஜெர்மானியச் சிற்றரசுகளிலிருந்து ஏறக்குறைய 30,000 பேர் இப்படி அனுப்பப்பட்டார்கள். தனக்குச் சம்பந்தமே இல்லாத சண்டைக்காகக் கடல் தாண்டிவந்து செத்த உழவர் வீட்டுப் பிள்ளைகள் பலர் இவர்களில் உண்டு. அதே சமயம், நியூ ஜெர்சியில் இவர்களும் பிரிட்டிஷாரும் வீடு புகுந்து கொள்ளையடித்ததும் உண்மை. மக்களின் கோபத்துக்குக் காரணம் இருந்தது.

அந்தப் புயலில் ஆற்றை எப்படிக் கடந்தார்கள்?

என்னைப் பொறுத்தவரை கதையின் உயிர் இங்கேதான் இருக்கிறது. பேரைத் தட்டிச் சென்றது தளபதி. கரை சேர்த்தவர்கள் மீனவர்கள்.

பின்வாங்கி வந்தபோதே வாஷிங்டன் ஒரு காரியம் செய்திருந்தார். ஆற்றின் நெடுந்தூரத்துக்கு, கண்ணில் பட்ட படகுகளை எல்லாம் மேற்குக் கரைக்குக் கொண்டுவரச் செய்தார். எதிரி ஆற்றைத் தாண்டி வராமலிருக்கச் செய்த ஏற்பாடு அது. அதே படகுகள்தான் இப்போது கைகொடுத்தன. அவற்றில் முக்கியமானவை டர்ஹாம் படகுகள். இரும்பும் தானியமும் ஏற்றி பிலடெல்ஃபியாவுக்குப் போய்வந்த சரக்குப் படகுகள் அவை. நீளம் 40 முதல் 60 அடி, தட்டையான அடிப்பகுதி, உயர்ந்த பக்கச் சுவர்கள். ஆழம் குறைந்த இடத்திலும் தரை தட்டாமல் மிதக்கும்.

படகுகளைச் செலுத்தியவர்களில் முதன்மையானவர்கள் ஜான் குளோவரின் படைப்பிரிவினர். மாசசூசெட்ஸ் கடற்கரையில் உள்ள மார்பிள்ஹெட் ஊர் மீனவர்களும் மாலுமிகளும் நிறைந்த பிரிவு அது. ஆகஸ்ட்டில் லாங் ஐலண்டில் தோற்று நின்ற படை முழுவதையும் ஒரே இரவில் புரூக்ளினிலிருந்து கரை சேர்த்தவர்களும் இவர்களே. இவர்களோடு உள்ளூர்ப் பரிசல்துறைக்காரர்களும் பிலடெல்ஃபியா துறைமுகத் தொழிலாளர்களும் சேர்ந்துகொண்டார்கள்.

மெக்கான்கி படகுத்துறையில் பொழுது சாய்ந்ததும் வேலை தொடங்கியது. ஆற்றின் அகலம் கால் கிலோமீட்டர்தான். ஆனால் வேகமான நீரோட்டம், படகில் வந்து மோதும் பனிப்பாளங்கள், இரவு ஏற ஏற மழை ஆலங்கட்டியாகவும் பனியாகவும் மாறி முகத்தில் அறைகிறது. வீரர்களை ஏற்றுவதாவது பரவாயில்லை. 18 பீரங்கிகளையும் அவற்றை இழுக்கும் குதிரைகளையும் அகன்ற தோணிகளில் ஏற்ற வேண்டும். பனிப்பாளம் இடிக்கும் ஒவ்வொரு தடவையும் குதிரை மிரளும், தோணி சாயும். பீரங்கிப்படைத் தலைவர் ஹென்றி நாக்ஸ் பாஸ்டனில் புத்தகக் கடை வைத்திருந்தவர், பருத்த உடம்புக்காரர். காற்றின் ஊளையை மீறி ஒலித்த அவருடைய குரல்தான் அந்த இருட்டில் கட்டளைகளைக் கரைக்குக் கரை கொண்டுபோனது என்று உடனிருந்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். ஒரு பீரங்கிகூட ஆற்றில் விழவில்லை.

எல்லாம் திட்டப்படியே நடந்ததா?

இல்லவே இல்லை. மூன்று இடங்களில் ஆற்றைக் கடப்பதாகத் திட்டம். ட்ரென்டனுக்கு நேர் எதிரே ஜேம்ஸ் யூயிங்கின் பிரிவு கடந்து, அசன்பிங்க் ஓடைப் பாலத்தைப் பிடித்து எதிரி தப்பும் வழியை அடைக்க வேண்டும். அவரால் கடக்கவே முடியவில்லை. தெற்கே ஜான் காட்வாலடர் வீரர்களை அக்கரை சேர்த்தார், ஆனால் பீரங்கிகளை இறக்கப் பனி விடவில்லை. எல்லோரையும் திருப்பி அழைத்துக்கொண்டார். வாஷிங்டனின் பிரிவு மட்டுமே கடந்தது.

அதுவும் தாமதமாக. நள்ளிரவுக்குள் கடந்து, விடிவதற்கு முன் தாக்குவதாக இருந்தது. கடைசிப் பீரங்கி கரையேறும்போது அதிகாலை மூன்று மணி. நடக்கத் தொடங்கும்போது நான்கு. இருட்டிலேயே ஊரை அடைவது இனி நடக்காது என்று வாஷிங்டனுக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் திரும்பி ஆற்றைக் கடக்கும்போது எதிரி கண்டுகொண்டால் எல்லாரும் தொலைந்தார்கள். ஆகவே முன்னேறுவதே மேல் என்று முடிவு செய்ததாகக் காங்கிரசுக்கு அனுப்பிய அறிக்கையில் எழுதியிருக்கிறார்.

வழியில் இன்னொரு சிக்கல். படை இரண்டாகப் பிரிந்து, நத்தானியேல் கிரீன் உள்நாட்டுச் சாலையிலும் ஜான் சல்லிவன் ஆற்றோரச் சாலையிலும் போனார்கள். துப்பாக்கிகள் நனைந்து சுடும் நிலையில் இல்லை என்று சல்லிவன் ஆள் அனுப்பினார். அந்தக் காலத்துத் துப்பாக்கியில் சக்கிமுக்கிக் கல் உரசித் தெறிக்கும் பொறி, கிண்ணத்தில் இருக்கும் கொஞ்சம் வெடிமருந்தைப் பற்றவைக்க வேண்டும். அது ஈரமானால் துப்பாக்கி வெறும் தடி. முனையில் உள்ள கத்தியால் குத்துங்கள், ட்ரென்டனைப் பிடித்தே தீருவது என்று முடிவு செய்துவிட்டேன் என்பது வாஷிங்டன் அனுப்பிய பதில். பீரங்கியின் நெருப்புத் துளையை அடைத்து மூடி ஈரம் படாமல் காப்பது எளிது. அவ்வளவு பாடுபட்டு 18 பீரங்கிகளைக் கொண்டுவந்ததன் பலன் சில மணி நேரத்தில் தெரிந்தது.

ஹெஸ்ஸியர்கள் குடித்துவிட்டுக் கிடந்தார்கள் என்பது உண்மையா?

பொய். பள்ளிக்கூடப் பாடங்கள் வரை பரவிவிட்ட பொய். இது இரு தரப்பினரையும் சிறுமைப்படுத்துகிறது என்பதால் எனக்கு இதன்மேல் தனிக் கோபம் உண்டு.

வாஷிங்டனின் படையில் பதினாறு வயதுக் குழலூதியாக இருந்தவர் ஜான் கிரீன்வுட். பின்னாளில் வாஷிங்டனுக்கே பல் மருத்துவரானவர். எதிரிப் படையில் ஒரே ஒரு குடிகாரனைக்கூட நான் பார்க்கவில்லை, சத்தியம் செய்யத் தயார் என்று தம் நினைவுக் குறிப்பில் எழுதியிருக்கிறார். அந்த இரவு நடையைப் பற்றி அவர் எழுதியதும் மறக்க முடியாதது. படை ஓரிடத்தில் நின்றபோது ஒரு மரக்கட்டை மேல் உட்கார்ந்தாராம். குளிரில் உடம்பு மரத்து, தூங்கினால் போதும் என்றிருந்தது. ஒரு சார்ஜன்ட் பார்த்து உலுக்கி எழுப்பியிராவிட்டால் அங்கேயே உறைந்து செத்திருப்பேன் என்கிறார். அன்று வழியில் இருவர் அப்படி உறைந்து இறந்ததாகச் சொல்லப்படுகிறது.

ஹெஸ்ஸியர்களின் சிக்கல் குடி அல்ல, களைப்பு. நியூ ஜெர்சி ஊர்மக்கள் படை நாள்தோறும் அவர்களுடைய காவல் சாவடிகளையும் தூதர்களையும் தாக்கிக்கொண்டிருந்தது. முறை வைத்து ஒரு படைப்பிரிவு உடையைக்கூடக் களையாமல், ஆயுதங்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே தூங்கியது. தூக்கமில்லாத நாட்கள் அவர்களைத் தேய்த்துவிட்டன. அந்த ஊர்மக்களின் பெயர்கள் எந்த ஓவியத்திலும் இல்லை. வெற்றியில் அவர்களுக்கும் பெரிய பங்கு உண்டு. அன்று குடித்தவர்கள் வென்றவர்கள்தான். ட்ரென்டனில் கைப்பற்றிய ரம் பீப்பாய்களை அமெரிக்க வீரர்களில் பலர் திறந்துவிட்டார்கள்.

அப்படியானால் எச்சரிக்கை கிடைத்தும் ரால் ஏன் ஏமாந்தார்?

ட்ரென்டனில் இருந்த ஹெஸ்ஸியர்களின் தளபதி கர்னல் யோஹான் ரால் கோழையல்ல, வாஷிங்டன் கோட்டைச் சண்டையில் முன்னின்று போரிட்டவர். ஆனால் அமெரிக்கர்களைப் படையாகவே மதிக்கவில்லை. மண் அரண்கள் கட்டச் சொன்னார்கள், கட்டவில்லை. மேலதிகாரி ஜேம்ஸ் கிரான்டிடமிருந்து எச்சரிக்கை வந்தது. அதற்கு முன் உதவிப் படை கேட்டபோது அதே கிரான்ட் அலட்சியமாகக் கைவிரித்திருந்ததையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

கிறிஸ்துமஸ் மாலையில் ஒரு சம்பவம் நடந்தது. வர்ஜீனியாவைச் சேர்ந்த சிறு அமெரிக்கக் குழு, வாஷிங்டனுக்குத் தெரியாமல் ஊருக்கு வெளியே இருந்த காவல் சாவடியைத் தாக்கிவிட்டு ஓடியது. எச்சரித்த தாக்குதல் இதுதான், முடிந்துவிட்டது என்று ரால் தரப்பு நினைத்துவிட்டது. தாக்கிய குழுவை வழியில் சந்தித்த வாஷிங்டன், அவர்களை அனுப்பிய ஆடம் ஸ்டீஃபன் மீது எரிந்து விழுந்தார். அவர் அஞ்சியதற்கு நேர்மாறாக அந்த அவசரக்குடுக்கைத்தனமே உதவியது. போதாததற்கு, புயலைக் காரணம் காட்டி, வழக்கமான அதிகாலைச் சுற்றுக்காவலை ஹெஸ்ஸிய அதிகாரி மேஜர் டெகோ அன்று ரத்து செய்துவிட்டார்.

ஒரு விவசாயி கொடுத்த எச்சரிக்கைச் சீட்டைப் படிக்காமலே ரால் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார், இறந்த பிறகு அது கிடைத்தது என்ற கதையும், ஜான் ஹனிமேன் என்ற ஒற்றர் கசாப்புக் கடைக்காரர் வேடத்தில் ராலை ஏமாற்றினார் என்ற கதையும் சுவையானவை. முதலாவதைச் செவிவழிச் செய்தியாக எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டாவதற்கு அக்காலத்துச் சான்று இல்லை.

சண்டை எப்படி நடந்தது?

பென்னிங்டன் சாலையில் காவலிருந்த ஹெஸ்ஸிய லெப்டினன்ட் வீடர்ஹோல்ட் முதலில் பார்த்துக் குரல் கொடுத்தார். படுக்கையிலிருந்து எழுந்து வந்த ரால் தன் வீரர்களைத் தெருவில் அணிவகுக்கச் செய்தார். ஊரின் இரண்டு முக்கியத் தெருக்களும் வடக்கு முனையில் சந்திக்கும். அங்கே நாக்ஸின் பீரங்கிகள் வந்து நின்றுவிட்டன. அவற்றில் ஒரு பிரிவுக்குத் தலைவர், பின்னாளில் அமெரிக்காவின் முதல் நிதியமைச்சரான அலெக்சாண்டர் ஹாமில்டன். புயல் அமெரிக்கர்களின் முதுகில், ஹெஸ்ஸியர்களின் கண்ணில். தெருவில் நின்றவர்கள் மேல் பீரங்கி பேசியது.

ஹெஸ்ஸியர்கள் தெருவில் நிறுத்திய இரண்டு பீரங்கிகளை ஓடிப்போய்க் கைப்பற்றிய குழுவில் லெப்டினன்ட் ஜேம்ஸ் மன்றோவும் இருந்தார். வயது பதினெட்டு. தோளில் குண்டு பாய்ந்து ரத்தக் குழாய் அறுந்தது. முந்தைய இரவு அவர் குழு சாலையை மறித்து நின்றபோது, பிரிட்டிஷார் என்று நினைத்து ஒரு வீட்டுக்காரர் வெளியே வந்து திட்டியிருக்கிறார். அமெரிக்கர்கள் என்று தெரிந்ததும் சாப்பாடு கொடுத்து, நான் மருத்துவன், எங்காவது உதவுவேன் என்று கூடவே கிளம்பிவிட்டார். குழாயைக் கட்டி ரத்தத்தை நிறுத்தியது அவரே. மன்றோ பிழைத்து, நாட்டின் ஐந்தாவது ஜனாதிபதி ஆனார்.

ஊருக்கு வெளியே பழத்தோட்டத்துக்கு விலகிய ரால், ஊரை மீட்கத் திரும்பி வந்தபோது சுடப்பட்டு அன்றிரவே இறந்தார். அவருடைய படைப்பிரிவுகள் ஒவ்வொன்றாகச் சரணடைந்தன. ஹெஸ்ஸியர் தரப்பில் 22 பேர் இறந்தார்கள், எண்பதுக்கும் மேற்பட்டவர்கள் காயமுற்றார்கள். அமெரிக்கர் தரப்பில் சண்டையில் எவரும் சாகவில்லை. யூயிங் அடைக்கத் தவறிய பாலம் வழியாக நானூறு பேருக்கு மேல் தப்பினார்கள்.

படகில் நிற்கும் அந்த ஓவியம் எவ்வளவு சரி?

எமானுவேல் லாய்ட்சே 1851இல் ஜெர்மனியில் வரைந்து முடித்த ஓவியம் அது. இப்போது நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதில் பறக்கும் நட்சத்திரக் கொடி 1777 ஜூனில்தான் ஏற்கப்பட்டது. படகு மிகச் சிறியது. நேரம் நள்ளிரவு, ஓவியத்திலோ வெளிச்சம். வாஷிங்டன் நிற்பதைக் கேலி செய்வோர் உண்டு. ஆனால் டர்ஹாம் படகில் உட்கார இருக்கை கிடையாது, வீரர்கள் நின்றபடிதான் போயிருப்பார்கள். 1848 புரட்சிகள் தோற்றுப்போன ஐரோப்பாவுக்கு உற்சாகம் ஊட்டவே லாய்ட்சே இந்தக் கருவை எடுத்தார்.

பிடித்த ஊரை விட்டு ஏன் உடனே திரும்பினார்கள்?

மற்ற இரண்டு பிரிவுகளும் வரவில்லை, வீரர்கள் ஓய்ந்துவிட்டார்கள், கையில் 900 கைதிகள். அன்றே மீண்டும் ஆற்றைக் கடந்தார்கள். சில நாட்களில் திரும்பவும் ட்ரென்டனுக்கு வந்தார்கள். இன்னும் ஆறு வாரம் இருந்தால் தலைக்குப் பத்து டாலர் என்று வாஷிங்டன் அறிவித்தபோது, முதலில் ஒருவரும் முன்வரவில்லை. மறுபடி அணியின் முன் வந்து நின்று வேண்டினார். பிறகுதான் சிலர் அடியெடுத்து வைத்தார்கள், மற்றவர்களும் தொடர்ந்தார்கள். ஜனவரி 2 அன்று பெரும்படையோடு வந்த பிரிட்டிஷ் தளபதி கார்ன்வாலிஸை ஓடைக்கரையில் மாலைவரை தடுத்தார்கள். இரவில் கூடார நெருப்புகளை எரியவிட்டு, பீரங்கிச் சக்கரங்களில் துணி சுற்றி, ஓசையில்லாமல் நழுவி, மறுநாள் பிரின்ஸ்டனில் இன்னொரு பிரிட்டிஷ் படையை வென்றார்கள். பிரிட்டிஷார் நியூ ஜெர்சியின் பெரும்பகுதியைக் கைவிட்டார்கள்.

போரை முடித்துவைத்த வெற்றி இதுவல்ல. பிரான்ஸ் துணைக்கு வர 1777 அக்டோபரின் சரடோகா வெற்றி தேவைப்பட்டது, முடிவுக்கு 1781 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஆனால் டிசம்பர் 31 அன்று கலைந்திருக்கும் ஒரு படை கலையவில்லை. அது கலைந்திருந்தால் சரடோகா ஏது?

அந்த விடுதலை யாருக்கு?

கேட்கவேண்டிய கேள்வி. குளோவரின் பிரிவில் கறுப்பின வீரர்களும் பூர்வகுடியினரும் இருந்தார்கள். போர் முழுவதும் வாஷிங்டனுடன் குதிரையில் சென்ற வில்லியம் லீ அவருடைய அடிமை. 1799இல் எஜமானர் இறந்தபோது உயிலின்படி விடுதலை பெற்றார். வாஷிங்டனின் பண்ணையிலிருந்து தப்பிய ஹாரி வாஷிங்டன் என்ற அடிமையோ, விடுதலை தேடிப் பிரிட்டிஷ் பக்கம் சேர்ந்து, பின்னர் நோவா ஸ்கோஷியா வழியாக சியரா லியோனுக்குப் போனார். அந்த இரவின் வீரத்தை நான் போற்றுகிறேன். இந்த மூன்று செய்திகளையும் மறைத்துவிட்டுப் போற்ற எனக்கு மனமில்லை.

இங்கே வரும் கார்ன்வாலிஸும் நம் பாடப்புத்தக கார்ன்வாலிஸும் ஒருவர்தானா?

ஆம், அவரேதான். ட்ரென்டன் செய்தி வந்தபோது, நோயுற்ற மனைவியைப் பார்க்க இங்கிலாந்துக்குக் கப்பலேற இருந்தார். விடுப்பு ரத்தாகிப் போர்முனைக்குத் திரும்பினார். 1781இல் யார்க்டவுனில் அவருடைய படை சரணடைந்தது. 1786இல் இந்தியாவின் கவர்னர் ஜெனரலாக வந்தார். 1792இல் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தானைப் பணியவைத்து, அவருடைய மகன்கள் இருவரைப் பிணையாகப் பெற்றார். அந்தச் சிறுவர்கள் ஒப்படைக்கப்படும் காட்சி, சென்னை புனித ஜார்ஜ் கோட்டை அருங்காட்சியகத்தில் உள்ள கார்ன்வாலிஸ் சிலையின் பீடத்தில் செதுக்கப்பட்டிருக்கிறது. திண்டுக்கல்லும், சேலம், தருமபுரி, கிருஷ்ணகிரிப் பகுதிகள் அடங்கிய பாரமகாலும் கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்குப் போனது அந்த 1792 உடன்படிக்கையில்தான்.